கராஜில் ஒரு பழைய செவ்ரலே

1947 முதல் 1955 வரை அமெரிக்காவில் விற்ற செவ்ரலே 3100 பிக்கப்பை இன்றும் பலர் வாங்கி, வீட்டு கராஜில் பிரித்துப் போட்டு உயிர் கொடுக்கிறார்கள். முதலில் கை போவது பெயிண்டில்தான். அங்கேதான் ஆபத்தும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பிரேக் டிரம்முக்குள் ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கலாம். உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு தேய்த்தாலோ காற்றடித்து ஊதினாலோ, அந்தத் தூசி சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தைகளிடம் சேரும். ஈரப்படுத்தித்தான் எடுக்க வேண்டும், முகத்தில் சரியான வடிகட்டி முகமூடியோடு.

அடுத்தது பிரேக். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கேயாவது ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு, மிச்சம் கைபிரேக்தான்! இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மாட்டினால் முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். "அப்புறம் வண்டி அசல் இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் அது தரைக்கு அடியில் இருப்பது. யார் கண்ணிலும் படாது. ஆறு சிலிண்டர் இன்ஜினும், பின்னால் உள்ள மரப்பலகைத் தளமும் அப்படியே இருக்கட்டும். வண்டி பழசு, அது ஓடப்போகும் சாலை பழசு இல்லையே!