ஆறு வயதுச் சிறுவனின் திருப்பணி

ஜெர்மனியில் வசிக்கும் மகனின் குடும்பத்தோடு சென்ற ஆண்டு இத்தாலி சென்றிருந்தபோது, நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொம்பெயியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதையுண்ட ரோமானிய நகரம் அது. கல் பாவிய வீதிகளில் வண்டிச் சக்கரங்களின் தடங்கள் இன்றும் பள்ளமாய்த் தெரிகின்றன. வீடுகளில் இல்லுறை தெய்வங்களுக்கென மாடங்கள் உள்ளன. ஒரு மாடத்தில், பலிபீடத்தை நோக்கி ஊர்ந்து வரும் நாகத்தை வரைந்திருந்தார்கள். என் மனைவி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

என்னை நெடுநேரம் நிற்கவைத்தது ஐசிஸ் தேவியின் ஆலயம். எகிப்திலிருந்து வந்து ரோமானியர் உள்ளத்தில் குடிகொண்ட பெண்தெய்வம் அவள். உயர்ந்த மேடைமீது கருவறை, ஏறிச்செல்லப் படிகள், சுற்றிலும் தூண் வரிசை, முற்றத்தில் பலிபீடம்.

கி.பி. 62-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் இடிந்த இக்கோயில் மீண்டும் எழுந்த வரலாற்றை வாயில் கல்வெட்டு கூறுகிறது. அதன் மூலக்கல்லை மறுநாள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கண்டோம். நுமேரியஸ் பொபிடியஸ் செல்சினஸ் என்பவர் தம் சொந்தச் செலவில் அடித்தளத்திலிருந்து கோயிலைக் கட்டுவித்தார். அக்கொடைக்காக நகர மன்றம் கட்டணமின்றி அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது ஆறு!

வங்கியில் மைனர் பெயரில் கணக்குத் தொடங்க வரும் தகப்பன்மார்களை நான் நன்கறிவேன். செல்சினஸின் தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பர் அறிஞர். அத்தகையோர் மன்றத்தில் அமர அந்நாளில் சட்டம் இடந்தரவில்லை. தமக்குக் கிட்டாத பெருமையை அவர் தெய்வத்தின் வாயிலில் மகனுக்குத் தேடித் தந்தார்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் மடைப்பள்ளித் திருப்பணியை ஏற்றிருக்கிறோம். உபயக் கல்லில் பேரன் பெயரைப் பொறிக்க வேண்டுமென்பது என் மனைவியின் ஆசை. மகனுக்கோ தயக்கம். "அவன் அந்தக் கோயிலைப் பார்த்ததே இல்லையே, அப்பா" என்பான்.

கல்வெட்டின் பொருளை நான் விளக்கியதும் ஏழு வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்தப் பையன் தன் பேரைப் பார்க்க தினமும் கோயிலுக்கு வந்திருப்பானா?"

"வந்திருப்பான், கண்ணா" என்றேன்.

மகன் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உணவு முடிந்தபின், "கும்பாபிஷேகம் என்றைக்கு, அப்பா? விடுமுறைக்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றான்.

ஈசன் அருளால், தை மாதம் நால்வருமாய் வருகிறார்கள்.