ஹோல்டில போட்டு மறந்த கதை

2022 ஜனவரி. அடுத்தநாள் காலமை அசைன்மென்ட் குடுக்கவேணும். இரவு டேட்டா மிச்சமிருக்கெண்டு லப்டொப்பில இருந்த உபுண்டு 20.04ஐ அப்டேட் பண்ணிப்போட்டு படுத்திட்டன். விடிய எழும்பிப் பார்த்தால் வைஃபை இல்லை.

கேர்னல் 5.11இல இருந்து 5.13க்கு மாறியிருந்தது. என்ர வைஃபை டொங்கிளின்ர டிரைவரை நான் கையால கொம்பைல் பண்ணிப் போட்டிருந்தன். அப்பிடிப் போட்டது அந்தக் கேர்னலுக்கு மட்டும்தான் பொருந்தும். எனக்கு அது அப்ப தெரியாது.

ஒன்றுவிட்ட அண்ணாவுக்குக் கோல் எடுத்தன்.

"பதறாதையடா. பழைய கேர்னல் அழிஞ்சிருக்காது. ரீஸ்டார்ட் பண்ணி, குரப் மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்ஷனுக்குள்ள போய் 5.11ஐத் தெரிவுசெய்" எண்டார்.

வைஃபை வந்திட்டுது. அசைன்மென்டும் போயிட்டுது. பிறகு அண்ணா சொன்னபடி 'சூடோ ஏபிடி-மார்க் ஹோல்ட்' எண்டு அடிச்சு, பின்னால கேர்னல், இமேஜ், ஹெடர்ஸ் மூண்டின்ர மெட்டா பக்கேஜ் பெயர்களையும் போட்டன். புதுக் கேர்னலை இழுத்துக்கொண்டு வாறது இந்த மெட்டா பக்கேஜ்கள்தான். அதுக்குப் பிறகு மற்றதெல்லாம் அப்டேட் ஆகும், இதுகள் மட்டும் 'கெப்ட் பாக்' எண்டு அப்பிடியே நிக்கும். ஃபெடோராவில இதுக்கு வேர்ஷன்லொக், ஆர்ச்சில பக்மான் கொன்ஃபிக்கில இக்னோர்பக்கேஜ் வரி.

நிம்மதியாய் மறந்துபோனன். பிழை விட்டது அங்கதான்.

மார்ச் மாதம் 'டேர்ட்டி பைப்' எண்ட கேர்னல் ஓட்டை வெளியில வந்தது. வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஃபைலையும் சாதாரண பயனர் ஒருவர் மாத்தி எழுதி, ரூட் அதிகாரத்தையே எடுத்திடலாம். 5.8இல இருந்து வந்த பிரச்சினை. நான் பாதுகாத்து வைச்சிருந்தது 5.11. அதே லப்டொப்பை வீட்டில தங்கச்சியும் பாவிக்கிறாள், மச்சானும் பாவிக்கிறான். ஆளாளுக்கு வேற வேற எக்கவுன்ட் போட்டுக் குடுத்ததில என்ன பயன்?

'ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்' அடிச்சன். மூண்டு பெயரும் வரிசையா வந்து நிண்டுது, நான் பூட்டின பூட்டு.

அண்டைக்குக் கரண்ட் வந்த இடைவெளியில முதல் வேலையாய் டிரைவரை டிகேஎம்எஸ் முறையில திருப்பிப் போட்டன். புதுக் கேர்னல் வரேக்க டிரைவரை அதுவே திருப்பிக் கொம்பைல் பண்ணும். பிறகு 'அன்ஹோல்ட்' குடுத்து அப்கிரேட் பண்ணினன். வைஃபை வேலை செய்தது.

ஹோல்ட் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. அண்டைக்கு என்னைக் காப்பாத்தினது அதுதான். ஆனால் ஒரு பக்கேஜை நிப்பாட்டினால் அதுக்கு வாற பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நிண்டுபோகும். நீங்களும் எதையாவது ஹோல்டில போட்டால், ஏன் போட்டனீங்கள் எண்டு திகதியோட ஒரு துண்டில எழுதி வையுங்கோ. நான் இப்ப மாதம் முதலாந் திகதி ஒருக்கா ஷோஹோல்ட் அடிச்சுப் பாக்கிறன்.