இரண்டு அகல்கள்

பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் பிள்ளைகள் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தனர். மூடியின்மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதிய தாத்தாவின் படை எண் அப்போதும் அழியாமல் இருந்தது. உள்ளே 56 ஏ.பி.ஓ. என்று அனுப்புநர் முகவரியிட்ட நீலநிற இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு, ஓரம் கிழிந்த கந்தர் சஷ்டி கவசப் புத்தகம் ஒன்று, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த இரண்டு பித்தளை அகல்கள். விளக்கு இரண்டு எதற்கு என்பது மூத்த மகளுக்கு மட்டுமே தெரியும்.

வேலூரை அடுத்த சிற்றூர் அது. வீட்டுக்கொரு பிள்ளை பட்டாளத்துக்குப் போவது அவ்வட்டாரத்து வழக்கம். தாத்தா மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்தவர். மணமான புதிதில் பெங்களூரு அல்சூரில் குடும்பக் குடியிருப்பு கிடைத்தது. சோமேசுவரர் கோயில் மணியோசை கேட்டு எழுந்த அந்த ஓராண்டைப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு அவர் எல்லைக்குப் போனார்; பாட்டி கைக்குழந்தையுடன் மாமியார் வீடு சேர்ந்தார். பட்டாளத்துக்காரர் மனைவிக்குத் தபால்காரரே பஞ்சாங்கம்.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் போர் மூண்டது. அடுத்த வாரம் தீபாவளி. வீட்டில் யாரும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மாலைதோறும் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியின் முன் கூட்டம் கூடும். பாட்டி அங்கே போகமாட்டார். மாடத்து விளக்கின் முன் கவசம் படித்துக்கொண்டிருப்பார். பாதுகாப்பு நிதிக்குத் தம் வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அவர் உயிரோடு திரும்பினால் ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்துக் கிருத்திகையன்று வள்ளிமலைப் படியேறி விளக்கேற்றுவதாகவும் வேண்டிக்கொண்டார். நவம்பர் 21-ஆம் தேதி போர் நின்றது. கடிதம் மட்டும் வரவில்லை. தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே மாமியார் கதவைச் சாத்திவிடுவாராம்.

திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்னர் நான்கே வரியில் ஓர் அட்டை வந்தது. சேலா கணவாய் வீழ்ந்தபின் சிதறிய படையினருள் ஒருவராக, பூட்டான் காடுகள் வழியே பல நாள் நடந்து அவர் அசாம் சமவெளியை அடைந்திருந்தார்.

விடுப்பில் வந்தவரிடம் வேண்டுதலைச் சொன்னபோது அவர் முகம் இறுகிற்று. உடன் நடந்த நண்பர் ஒருவர் வழியிலேயே குளிரில் உயிர்விட்டிருந்தார்.

“அவன் பெண்டாட்டியும் விளக்கேற்றித்தானே இருப்பாள்? அவளுக்கு உன் முருகன் என்ன பதில் வைத்திருக்கிறான்?” என்றார்.

பாட்டியிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. எளிதாக, ‘அது அவரவர் கர்மம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததே அவர் பெருமை. அவ்வாண்டு மலையேறியபோது கடையில் இரண்டாவதாக ஓர் அகல் வாங்கினார். ஒன்று தாம் பெற்றதற்கு. மற்றொன்று அந்தப் பெயர் தெரியாத பெண்ணுக்காக.

அதன்பின் ஆண்டு தவறவில்லை. தாத்தா ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு உடன் வருவார். ஆனால் மலையடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவார். பாட்டி ஒருநாளும் அழைத்ததில்லை. இறங்கி வந்ததும் திருநீற்றை அவர் கையில் வைப்பார். அவர் அதைப் பூசாமலும் கொட்டாமலும் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார். இப்படிச் சுமார் இருபது ஆண்டுகள்.

ஓராண்டு பாட்டியின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அடிவாரத்தில் நான்கு படி ஏறி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தாத்தா சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு எழுந்து வந்து மஞ்சள் துணி முடிச்சை வாங்கிக்கொண்டு தனியே படியேறினார். வெயில் சாய்ந்தபின்தான் இறங்கி வந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. பாட்டி அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“இரண்டும் எரிந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

“மேலே நல்ல காற்று. அவனுடையது இருமுறை அணைந்தது. எண்ணெய் தீரும்வரை கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்,” என்றார் தாத்தா.