கண்ணாடியும் கிளீனரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசும்படி பேராசிரியர் என்னைப் பணித்தார். தலைப்பு ‘அன்றாட வாழ்வில் ஆடிகள்’. மேடை என்றாலே எனக்குக் கால் நடுங்கும். முடி திருத்தும் நிலையம், பல் மருத்துவர், லாரியின் பக்கக் கண்ணாடி என்று மூன்று உதாரணங்களை எழுதி வைத்துக்கொண்டு நான்காவது ஒன்றைத் தேடினேன். அப்போதுதான் அந்த மஞ்சள் வண்டியின் படம் கண்ணில் பட்டது.

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் 1909-ல் அமைத்த பந்தயச் சாலை ஒன்று இருக்கிறது. ஒரு சுற்று இரண்டரை மைல்; நம் கணக்கில் நான்கு கிலோமீட்டர். அந்த வட்டத்துக்கு உள்ளேயே ஓர் அருங்காட்சியகம். 1956-ல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1976-ல் திறக்கப்பட்டு, அண்மையில் சில காலம் மூடிப் புதுப்பித்து, 2025 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே காத்து வைத்திருக்கும் பழைய பந்தயக் கார்களுள் ஒன்றுதான் ‘மார்மன் வாஸ்ப்’. வாஸ்ப் என்றால் குளவி. பெயருக்கேற்ற மஞ்சள் நிறம், பின்னால் கொடுக்குப் போலக் கூர்ந்து நீண்ட வால், 32 என்ற எண். இதைச் செய்த நிறுவனம் முதலில் மாவு ஆலைகளுக்கு இயந்திரம் செய்து வந்ததாம். அதைப் படித்தபோது நம் ஊர்ப் பட்டறைகள் நினைவுக்கு வந்தன. நம்மவர்களும் ஒன்றைச் செய்யப் போய் இன்னொன்றில் பெயர் எடுத்தவர்கள்தாமே!

1911 மே 30 அன்று அங்கே முதன்முதலாக 500 மைல் பந்தயம் நடந்தது. 200 சுற்றுகள். 40 கார்கள் புறப்பட்டன. மார்மன் காரை ஓட்டிய ரே ஹாரூன் அந்த நிறுவனத்தின் பொறியாளரும் ஆவார். 6 மணி 42 நிமிடத்தில் முடித்து வென்றார். சராசரி மணிக்கு 120 கிலோமீட்டர். டயர் தேய்ந்தால் மாற்றுவதற்கு நிற்க வேண்டும், நின்றால் நேரம் போகும் என்று கணக்கிட்டு நிதானமான வேகத்திலேயே ஓட்டினாராம்.

என் தலைப்புக்கு வேண்டியது இதுவன்று. அந்தக் காலத்துப் பந்தயக் காரில் இருவர் போவார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக். அவர் ஓயாமல் பின்னால் திரும்பிப் பார்த்து, யார் நெருங்குகிறார் என்று சொல்லவேண்டும், டயரைக் கவனிக்கவேண்டும், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் கையால் பம்பு அடிக்கவேண்டும். ஹாரூனின் வண்டியில் ஒரே இருக்கை. பின்னால் வருவதைப் பார்க்க ஆள் இல்லாமல் எப்படி ஓட்டலாம், எங்களுக்கல்லவா ஆபத்து என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். உடனே அவர் தம் முகத்துக்கு எதிரே கம்பிச் சட்டம் அமைத்து ஒரு சிறு செவ்வகக் கண்ணாடியை மாட்டிவிட்டார். குதிரை வண்டி ஒன்றில் முன்பு அப்படிக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஓர் ஆளின் வேலையை ஒரு கண்ணாடித் துண்டு செய்துவிட்டது. நான்காவது உதாரணம் கிடைத்தது என்று துள்ளினேன்.

என் தந்தையைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அவர் 25 ஆண்டுகள் லாரியில் கிளீனராக இருந்தவர். பதினெட்டு வயதில் ஏறினார். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஓசையைக் கொண்டே காற்றை அளப்பது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, வழியில் அடுப்பு மூட்டிச் சோறு ஆக்குவது எல்லாம் அவர் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் பார்ப்பது. நடு இரவில் குறுகிய சந்தில் லாரி பின்வாங்கும்போது இறங்கி நின்று, “வா, வா, வா... ரைட்ல ஒடி... போதும்!” என்று பலகையைத் தட்டுவார். சிறுவனாக ஒருமுறை அவருடன் போனபோது, அவ்வளவு பெரிய வண்டி அவர் தட்டுக்கு நின்றதைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

அவர் ஏன் ஓட்டுநர் ஆகவில்லை என்று கேட்கலாம். கனரக வண்டி உரிமத்துக்கு எட்டாம் வகுப்புச் சான்று வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தந்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர். 2019-ல் அந்த விதியை நீக்கினார்கள். அதற்குள் அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று. 2021-ல் லாரி உரிமையாளர் கூப்பிட்டு, “வண்டிக்குப் பின்னால கேமரா வச்சாச்சு. இனி டிரைவர் மட்டும் போதும்” என்று கணக்கை முடித்தார். இப்போது ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் இரவுக் காவல்.

இதை எழுத ஏன் தயங்கினேன் என்றால், கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘ஓட்டுநர்’ என்று எழுதினேன். பக்கத்தில் நின்றவன் தன் தந்தை ஆசிரியர் என்று எழுதிக்கொண்டிருந்தான். கிளீனர் என்று எழுதக் கை வரவில்லை. தந்தை அதை வாசிக்கத் தெரியாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தேன். கேட்டுக்கொண்டே டார்ச் விளக்குக்கு பேட்டரி மாற்றினார். கண்ணாடி வந்த இடத்தில் நிமிர்ந்தார்.

“ரோடு எப்படிப்பட்ட ரோடு கண்ணு?”

“செங்கல் பதிச்சதுங்கப்பா. முப்பது லட்சத்துக்கு மேல செங்கல்.”

“செங்கல்லு மேல அந்த வேகத்துல போனா கண்ணாடி ஆடாதா? கம்பியில வேற நிக்குதுங்கற. அதுல என்னத்தத் தெரிஞ்சிருக்கும்? கப்பி ரோட்டுல லோடு இல்லாம போனாலே நம்ம வண்டிக் கண்ணாடியில ஒண்ணு ரெண்டாத் தெரியும்.”

எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. உலகம் புகழும் கண்டுபிடிப்பை மூன்றாம் வகுப்புப் படித்தவர் குறை சொல்கிறாரே என்று எண்ணினேன். அவர் போன பிறகு மேலும் படித்தேன். பிற்காலத்தில் ஹாரூனே ஒப்புக்கொண்டிருக்கிறார்: செங்கல் சாலையின் அதிர்வில் அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லையாம்! அதிர்வுகள் பற்றி ஒரு பருவம் முழுதும் படித்துத் தேர்வு எழுதியவன் நான்.

மறுநாள் காலை அவர் வந்ததும் சொன்னேன். சிரித்தார், பெரிதாக மகிழவில்லை. “மத்த வண்டியில உக்காந்திருந்த பசங்க என்ன ஆனாங்க?” என்றுதான் கேட்டார்.

அதையும் படித்திருந்தேன். அந்தப் பந்தயத்தில் இறந்தவர் ஒருவர். சாம் டிக்சன் என்ற மெக்கானிக். ஆர்தர் கிரைனர் ஓட்டிய ஆம்ப்ளெக்ஸ் கார் தொடக்கச் சுற்றுகளிலேயே விபத்துக்குள்ளானது. கிரைனர் பிழைத்தார். பக்கத்தில் இருந்தவர் போனார்.

“கிளீனர் பையன்தான்,” என்றார் தந்தை. “அவம் பேரு அங்க எழுதியிருக்கா?”

வென்றவர்களின் முகங்களை எல்லாம் செதுக்கிய பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் இருப்பதையும், முதல் முகம் ஹாரூனுடையது என்பதையும் சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவரைத் தேற்றுவதற்காக அடுத்த ஆண்டுக் கதையைச் சொன்னேன். 1912-ல் மெக்கானிக் கட்டாயம் உடன் வரவேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள். அந்த ஆண்டு ரால்ஃப் டி பால்மா 196 சுற்றுகள் முதலிடத்தில் ஓடினார். முடிவு நெருங்கும்போது அவருடைய மெர்சிடிஸ் எஞ்சின் உடைந்து நின்றது. அவரும் அவருடைய மெக்கானிக் ரூபர்ட் ஜெஃப்கின்சும் இறங்கி, அந்தக் கனத்த வண்டியைக் கூட்டத்தின் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஜோ டாசன் என்பவர் ‘நேஷனல்’ காரில் முந்தி வென்றார்.

இது தந்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. “ரெண்டு பேருமா தள்ளுனாங்க? டிரைவருமா?” என்று இரண்டு முறை கேட்டார். “எங்க காலத்துல டிரைவர் எறங்க மாட்டாரு. பீடி பத்த வச்சுட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு.”

கூட்டத்தில் என் பேச்சு சுமாராகவே அமைந்தது. கண்ணாடி ஆடிய செய்தியைச் சொல்லி, இதை முதலில் சந்தேகித்தவர் என் தந்தை, லாரிக் கிளீனராக இருந்தவர் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் ஒருவன் எழுந்து, தன் மாமாவும் அதே வேலைதான் என்றான். பேராசிரியர் அவர்கள், ஆடும் ஆடியில் பிம்பம் ஏன் கலைகிறது என்று என்னையே கரும்பலகையில் விளக்கச் சொன்னார்கள். பாதியில் தடுமாறினேன்.

அந்த வாரமே உதவித்தொகைப் புதுப்பிப்புப் படிவம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து நிரப்புகையில், சென்ற ஆண்டு நான் எழுதியதைத் தந்தையிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“ஸ்டியரிங்கத் தொட்டதே இல்லியே சாமி, நானு.”

“இப்ப கிளீனர்னே எழுதிடறனுங்கப்பா.”

“அதுதான் இப்ப இல்லியே. வாட்ச்மேன்னு எழுது. சம்பளத்தச் சரியாப் போடு, டிரைவர் சம்பளம்னு நெனச்சு உதவித்தொகைய நிறுத்தீரப் போறாங்க,” என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.