சவர்க்காரமும் அயலட்டையும்

கையால் சவர்க்காரம் செய்து விற்கிற எங்கள் நாலு பேரிட்டயும் ஆட்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். என்ன எண்ணெய் போடுறீங்கள்? நுரை வருமா? விலை குறைக்க மாட்டீங்களா? நாலாவது கேள்வியைக் கேட்டது கொழும்பில் உள்ள ஒரு கடை. "உங்களிட்ட பொறுப்புக் காப்புறுதி இருக்கா?"

காப்புறுதி எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வந்தது மோட்டார் சைக்கிள்தான். யோசித்துப் பார்த்தால் அது நல்ல தொடக்கம். வீதியில் ஓடுவதற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது கட்டாயம் இருக்க வேணும். நாங்கள் இடிச்சுப்போட்டால் அடிபடுகிற ஆளுக்காக அது. பொறுப்புக் காப்புறுதியும் அதே வழிதான். சந்தையில் எங்கட மேசை சரிந்து ஒருவரின் காலில் விழுந்தால் அது பொதுப் பொறுப்பு. வாங்கிக்கொண்டு போன சவர்க்காரத்தால் வீட்டில் ஒருவரின் தோல் பொங்கினால் அது உற்பத்திப் பொருள் பொறுப்பு. வழக்கு வந்தால் சட்டத்தரணிச் செலவையும் நட்டஈட்டையும் ஒப்பந்தத்தில் எழுதிய உச்சத்தொகை வரைக்கும் நிறுவனம் கட்டும். முதல் ஒரு சிறு தொகையை நாங்கள் பொறுக்க வேணும்.

"தேங்காயெண்ணெயும் வேப்பிலையும் போட்ட சாமானால ஆருக்கு என்ன வரப்போகுது?" எண்டு கேட்பவர்கள் உண்டு. சவர்க்காரம் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உருவாகிற பொருள். 1000 கிராம் தேங்காயெண்ணெயை முழுக்கச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேணும். நாங்கள் 174 கிராம்தான் போடுகிறோம், 5 வீத எண்ணெய் மிச்சமாக நிற்கட்டும் எண்டு. தராசு 20 கிராம் பிழைத்தால் அந்தப் பாதுகாப்பு போய், காரம் கட்டிக்குள் தங்கிவிடும். இயற்கை எண்ட சொல்லும் காவல் தராது. எங்கட நாட்டுக் கறுவா எண்ணெயில் உள்ள சினமல்டிகைட் சிலருக்குத் தோல் ஒவ்வாமை கொடுக்கிற பொருள். கழுவிவிடுகிற பொருட்களில் அது 0.01 வீதத்துக்கு மேல் இருந்தால் சுட்டியில் பெயர் போட வேணும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

காப்புறுதிக்கான விண்ணப்பப் படிவம் இதையெல்லாம் கேட்டது. என்ன சேர்க்கிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு விற்பனை, வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்களா, முன்பு முறைப்பாடு வந்ததா. ஒன்றை மறைத்தால் பிறகு கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகும். சுட்டியில் 'சிரங்கு மாறும்' எண்டு எழுதினால் சவர்க்காரம் மருந்தாகிவிடும், காப்புறுதி கைவிடலாம். திகதியையும் கவனிக்க வேணும். சில ஒப்பந்தங்கள் தீங்கு நடந்த நாளைப் பார்க்கும், சில கோரிக்கை வந்த நாளைப் பார்க்கும். அலுமாரிக்குள் ஒரு வருசம் கிடந்த கட்டியை ஒருவர் எடுத்துப் பாவிக்கும்போது, இரண்டாவது வகை ஒப்பந்தத்தை நாங்கள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அது உதவாது.

செய்தவருக்கு இப்படியொரு பொறுப்பு இருக்கு எண்டு பிரித்தானியச் சட்டத்தில் அழுத்தமாகச் சொன்னது ஒரு நத்தை வழக்கு. 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், சிநேகிதி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பியர் போத்தலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக ஒரு பெண் வழக்குப் போட்டார். காசு கொடுத்தது அவர் இல்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் தயாரித்தவர் அவர் மீது கவனம் வைத்திருக்க வேணும் என 1932இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. எங்கட செயலால் ஆர் பாதிக்கப்படுவார் எண்டு முன்கூட்டி நினைக்கலாமோ, அவரே அயலவர் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இலங்கையில் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். அதிலும் கவனயீனத்தால் வந்த தீங்குக்குப் பதில் சொல்ல வேணும்.

எங்களுக்கு அயலவர் எண்டது சட்டச் சொல் இல்லை. முதல் நூறு கட்டிகளை வாங்கினது அயலட்டைதான். அதனால்தான் ஒப்பந்த மாதிரியில் ஒரு நிபந்தனையில் தடக்குப்பட்டு நின்றோம். நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, காசு தருவதாகச் சொல்லவும் கூடாது. இந்த வகை ஒப்பந்தங்களில் இது வழக்கமான வரி. நாங்கள் அவசரத்தில் விடுகிற சொல்லுக்கு நிறுவனம் காசு கட்ட வேண்டிவரும் என்பதுதான் காரணம்.

"அப்ப எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு பிள்ளைக்குக் கண் எரிஞ்சால் போய்ப் பார்க்கவும் ஏலாதோ?"

"பார்க்கலாம். வாயைத் திறக்கேலாது."

ஒருவரும் சிரிக்கேல்ல. எங்கட ஊரில் இப்படி ஒன்று நடந்தால் ஆட்கள் சட்டத்தரணியிட்டப் போவது குறைவு. கதைக்கிறதை விட்டுவிடுவார்கள். போய்ப் பார்க்காத வீட்டோடு முறிந்த உறவை எந்த நட்டஈடும் ஒட்டாது.

ஆளைப் பார்ப்பது வேறு, பிழை எங்கட எண்டு எழுதிக் கொடுப்பது வேறு எண்டு கடைசியில் தெளிந்தோம். போக வேணும், பிள்ளைக்கு எப்படியெண்டு கேட்க வேணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். அதே நாள் நிறுவனத்துக்கும் அறிவிக்க வேணும். அந்த வார்ப்பில் மிஞ்சின கட்டிகளை விற்காமல் எடுத்து வைக்க வேணும். இதற்காகவே ஒவ்வொரு வார்ப்புக்கும் இலக்கம் போட்டு, எண்ணெய், காரம், திகதி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வருகிறோம். ஆட்டோக் காசும் முதல் மருந்துச் செலவும் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படுமா எண்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்த பிறகுதான் கையெழுத்து.

தனியாக ஒரு வீட்டில் இருபது கட்டி செய்து விற்கிற அக்காவுக்கு இந்தக் கட்டுப்பணம் பாரம்தான். ஆனால் ஒரு வழக்கு வந்தால் அவவிட்ட இருக்கிறது வீடும் காதில கிடக்கிற தோடும் மட்டும். மாதர் சங்கங்கள் கடன் எடுக்க மட்டும் கூடவேண்டியதில்லை. பத்துப் பேராகப் போய், எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம் தர ஏலுமோ, நிபந்தனைகளைத் தமிழில் தர ஏலுமோ எண்டு கேட்கலாம். அயலட்டையைப் போய்ப் பார்க்க இடம் விடுகிற ஒரு வரியையும் சேர்த்துக் கேளுங்கோ.