பனிக்காலத்து மீன்தொட்டி

வெப்பநாட்டிற் பிறந்தோர்க்கு வெப்பத்தின் அருமை எளிதிற் புலப்படுவதில்லை. இரத்மலானையில் எங்கள் வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் மீன்கள் வளர்கின்றன. அவற்றுக்கு இரை இடுகிறோம், நீரை மாற்றுகிறோம், அந்நீருக்கு வெப்பம் ஊட்டுவதைப் பற்றி எவரும் எண்ணியதில்லை. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் ஆதலின், அப்பணியைக் கதிரவனே ஊதியமின்றிச் செய்துவிடுகிறான்.

ரொறன்ரோவில் வாழும் என் பெரியப்பாவின் நிலை வேறு. 1983 யூலைக் கலவரத்தின்போது இரத்மலானை விமான நிலையத்தில் அகதியாகத் தங்கிப் பின்னர் கனடா சென்றவர் அவர். தம் வீட்டின் நிலக்கீழறையில் 1000 லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றை வைத்திருக்கிறார். அதில் நீந்துபவை செரி பார்ப் மீன்கள். இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரிய இவ்வினத்தை 1929இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் பி. இ. பி. தெரணியகல ஆவார்.

பனிக்காலத்தில் அந்நிலக்கீழறை 15 பாகைக்கு இறங்கும். நீரோ 25 பாகையில் இருத்தல் வேண்டும். 1000 லீற்றர் நீரைப் பத்துப் பாகை உயர்த்த ஏறத்தாழ 12 அலகு மின்சாரம் செலவாகும். அதனினும் பெரிது, ஏற்றிய வெப்பத்தைக் காப்பதாகும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுசெல்கிறது. 1 லீற்றர் ஆவியானால், எஞ்சிய நீர் முழுவதும் அரைப்பாகைக்கு மேற் குளிர்ந்துவிடும். எனவே பெரியப்பா தொட்டியைக் கண்ணாடியால் மூடியுள்ளார். அடியிலும் பின்புறத்திலும் ரெஜிபோம் பலகை பதித்துள்ளார். ஒரு பெரிய மின்சூடாக்கிக்குப் பதிலாக இரு சிறியவற்றை இட்டுள்ளார். ஒன்று பழுதுற்று அணைந்தால் மற்றது காக்கும். ஒன்று அணையாது நின்றாலும் அது தனித்து மீன்களை அவித்துவிடாது.

2013 டிசெம்பரில் உறைமழை பெய்து, மின்கம்பிகள் அறுந்து, அந்நகரில் இலட்சக்கணக்கானோர் மின்சாரமின்றித் தவித்தனர். பெரியப்பா தம் போர்வைகளைத் தொட்டிக்குப் போர்த்தி, மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பியை நீரில் இறக்கினார். இரண்டு நாட்களின் பின் நீர் 19 பாகையில் நின்றது. மூன்று மீன்கள் இறந்தன, ஏனையவை பிழைத்தன. அயல்வீட்டாரின் சிறு தொட்டியோ முதலிரவே குளிர்ந்துபோயிற்று. காரணம் எளிது. கலத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அது கொள்ளும் நீர் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நான்கு மடங்கே ஆகும். பெருநீர் மெல்லவே ஆறும்.

அம்மீன்கள் களனிப் பகுதியின் ஓடைகளைக் கண்டவையல்ல, பண்ணையிற் பிறந்தவை. எனினும் மூதாதையர் வாழ்ந்த நீரின் வெப்பத்தையே அவற்றின் உடல் கேட்கிறது. பெரியப்பாவின் பிள்ளைகளோ பனியில் விளையாடி வளர்ந்தவர்கள். குளிர் அவர்களுக்குப் பகையன்று. ஆதலின் மீனை மனிதனுக்கு உவமையாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

மொழியின் நிலை அத்தகையதன்று. அது நாள்தோறும் வெப்பம் ஊட்டப்படவேண்டிய நீர். பெரியப்பாவின் பிள்ளைகள் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வர். ஆங்கிலத்திலேயே விடை கூறுவர். இதைக் கடல் கடந்தோரின் குறையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. எங்கள் ஒழுங்கையில் தமிழ் பேசும் வீடுகள் மூன்றே; வாசலைக் கடந்தால் வேறு மொழி. வெள்ளவத்தை பெருந்தொட்டி, அங்கே தமிழின் சூடு தானே தங்கும். எங்களுடையவை சிறு கலங்கள், ஓரிரவில் ஆறக்கூடியவை. ஒவ்வொரு வீடும் தனித்துத் தன் வெப்பத்தைக் காக்க முயல்வது வீண்செலவு. பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ச்சங்கம் எதற்கு என்று வினவும் நண்பர்களுக்கு நான் கூறக்கூடிய விடை இதுவே: சிறு கலங்களின் நீரை ஒன்றாய்ச் சேர்த்து வைப்பதற்கு.