தண்ணி மேல பழி

பாத்ரூம் சல்லடையில் முடி அடைத்து, தண்ணீர் கணுக்கால் வரை நின்ற அன்றுதான் பயம் வந்தது. ஓ.எம்.ஆரில் நான் இருந்த பி.ஜி.யில் நான்கு பேருக்கு ஒரு பாத்ரூம். "யாரு முடிடி இவ்ளோ?" என்று ஒருத்தி கத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

போனில் சொன்னதும் அம்மா யோசிக்கவே இல்லை. "எல்லாம் மெட்ராஸ் தண்ணி. உப்புத்தண்ணியில குளிச்சா முடி நிக்குமாட்டி?" எனக்கும் அது வசதியாக இருந்தது. வாளியிலும் குழாயிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு. கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி. ஷவர் ஃபில்டர் வாங்கினேன். ஷாம்பூ மாற்றினேன். கேன் தண்ணீரில்கூட தலையை அலசினேன். முடி அதுபாட்டுக்குக் கொட்டியது.

தோல் டாக்டரிடம் போகும்போது கொட்டியதைப் பேப்பரில் மடித்து எடுத்துப் போனேன். ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்து நுனியைக் காட்டினார். மிகச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ். "உப்புத்தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், ஒடிக்கும். ஒடிஞ்ச முடியில இந்தக் குமிழ் இருக்காது. இது வேர்ல இருந்து வந்தது" என்றவர் கேட்டார், "மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு?"

அது மே மாதம். அப்பா இறந்தது பிப்ரவரியில்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்குமாம். பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருக்கும். தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், சாவு என்று ஏதாவது உலுக்கிப்போட்டால், வளர்கிற முடிகளில் நிறைய ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் கொத்தாக வரும்.

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே லேப்டாப்பைத் திறந்தேன். ஊரே தைரியமான பிள்ளை என்றது. சென்னைக்கு வந்தபின் காலையில் டீ, மதியம் ஏதோ ஒன்று, அதோடு இன்னொரு டீ. ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 9. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுகிற அளவு அது. எனக்குக் கிட்டத்தட்ட காலி. "சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்பு உடம்புல சேராது. மாத்திரை போடுங்க, ஒழுங்கா சாப்பிடுங்க. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அவசரப்படாதீங்க" என்றார்.

ஜூனில் தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மாவுக்குத் தலைவாரிவிட உட்கார்ந்தேன். கையில் அடங்காத கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. ஒரே இழுப்பில் சீப்பு நிறைந்தது. முப்பது வருஷமாக அதே கிணற்றுத் தண்ணீரில் குளிக்கிறவள்.

"மத்தியானம் என்னம்மா சாப்ட்ட?"

"ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க? காப்பியும் பன்னும்தான்."

சீப்பை என் கையிலிருந்து வாங்கி, முடியை உருட்டி எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தில்லா" என்றாள்.

"ஆமாம்மா, வெயில்தான்."

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.